மரத்தளத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் துணி

அத்தியாயம் 6

சிஞ்ஞோராவின் மரத்தளத்துக்கு வெளியே நாகபூசணி அக்காவின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. மீதி அக்கா உள்ளே இருந்தார். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. பின்னேரம் ஐந்து மணிக்குச் சாந்தரூபன் என்ற தச்சன் ஒரு சட்டத்தரணியின் மேசையில் குனிந்து, தான் திருடன் என்று எழுதிக் கையெழுத்து வைக்கப்போகிறான். அதற்குள் அவன் திருடன் இல்லை என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். உண்மையிலேயே அவன்தான் திருடன் என்றால் என்ன செய்வது என்று வரும் வழியில் அக்காவைக் கேட்டேன். அப்படியென்றால் வண்டியைத் திருப்பு, வீட்டுக்குப் போவோம் என்றார். நான் திருப்பவில்லை.

என் பெயர் ஏர்னஸ்ற். சொந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பாஷையூர். பலெர்மோவில் லாப்பா என்று சொல்லும் மூன்று சில்லு வண்டியில் பல்லரோ சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். மரக்கறி இல்லாத நேரம் அக்காவை ஏற்றுகிறேன். மரக்கறி குறுக்குக் கேள்வி கேட்காது என்பதுதான் வித்தியாசம்.

அக்காவுக்கு ஐம்பத்துநான்கு வயது. கிழமைக்கு ஆறு வில்லாக்களைக் கூட்டித் துடைப்பவர். துப்பறிவாளர் என்று வாசலில் பலகை மாட்டியதில்லை. ஆனாலும் இந்த நகரத்துத் தமிழருக்கு நகை காணாமல் போனால் குவெஸ்தூராப் பொலிசுக்குப் போகமாட்டார்கள், அக்காவிடம்தான் வருவார்கள். புருசன் காணாமல் போனாலும் வருவார்கள். நகையை மட்டும் தேடித் தருவதாக அக்கா சொல்லுவார்.

இன்று காலை வந்தது சாந்தரூபனின் மனைவி தர்மிளா. அவள் அழுது அழுது சொன்னதை அழுகையைக் கழித்துச் சொல்கிறேன்.

ஸ்பெராக்கவாலோவில், கடலை ஒட்டி, எண்பது வயதான ஒரு சிஞ்ஞோராவுக்கு, அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மாவுக்கு, வில்லா இருக்கிறது. அதன் பின்வளவில் முப்பது வருடத்து மரத்தளம். பின்னேரத்தில் அதில் கதிரை போட்டு, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தபடி கோப்பி குடிப்பதுதான் சிஞ்ஞோராவின் முழுநேர உத்தியோகம். உப்புக் காற்றில் பலகைகள் கிளம்பிவிட்டன. பூச்சு அடித்துத் தா என்று சாந்தரூபனைக் கூப்பிட்டார். சாந்தரூபன் மாங்குளத்துப் பெடியன், போருக்குப் பிறகு வந்தவன், மரத்தைத் தட்டியே அதன் நோயைச் சொல்லுவான். பூச்சு வேண்டாம், பலகையைத் தாங்கும் மரங்கள் கீழே உளுத்துவிட்டன, அவற்றை மாற்றாமல் மேலே என்ன அடித்தாலும் ஒருநாள் விழும் என்றான். கண்ணுக்குத் தெரியாத மரத்தை எதற்கு மாற்றுவது என்று அந்த அம்மா இரண்டு கிழமை சிரித்தார். பிறகு சம்மதித்தார்.

பன்னிரண்டு புதுத் தாங்குமரங்கள் வந்தன. கஸ்தாஞ்ஞோ என்ற உறுதியான மரம். சிஞ்ஞோராவே கைத்தடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மேலே பலகை போட்டு முடித்துச் சாந்தரூபன் போனான். சிஞ்ஞோரா மலைப்பக்கம் ஓய்வெடுக்கப் போனார். ஓய்வாக இருப்பவர்களுக்குத்தான் இங்கே அடிக்கடி ஓய்வு தேவைப்படுகிறது. இரண்டு கிழமை கழித்து வந்தவர் நான்கு சிநேகிதிகளைக் கூப்பிட்டு, புதுத் தளத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். கதிரையோடு உள்ளே போனார். இடுப்பெலும்பு முறிந்தது.

பலகையைக் கிளப்பினால், கீழே பன்னிரண்டும் பழைய உளுத்த மரங்கள். புது மரம் ஒன்றுகூட இல்லை.

சிஞ்ஞோரா இல்லாத நேரம் பார்த்துத் தச்சன் வந்து புதியதைக் கழற்றிப் பழையதைப் போட்டுவிட்டான் என்றார் அவருடைய பெறாமகன், அதாவது தங்கையின் மகன். அவர் சட்டத்தரணி. அவர் காட்டிய ஆதாரம் ஓர் உளுத்த மரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணி. அது சாந்தரூபனின் துணி என்பதைச் சாந்தரூபனே ஒப்புக்கொண்டான். எங்கள் தச்சர்கள் வீட்டுக்கு நிலை வைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியைக் கட்டுவார்கள். இவன் அந்த மரியாதையை ஓர் இத்தாலிக்காரியின் கோப்பித் தளத்துக்கும் செய்தான். கைத்தொலைபேசியில் திசை பார்த்து வைத்த முதல் மரத்தில் கட்டினான். அது என்னவென்று சிஞ்ஞோராவுக்கு விளக்கமும் சொன்னான். அந்த விளக்கம்தான் கழுத்தைப் பிடித்தது. இப்படியொரு துணியை இந்த வளவில் வேறு யார் கட்டுவான், இது நீ வைத்த கையெழுத்து என்றார் பெறாமகன். அதோடு நிற்காமல் இன்னொரு கையெழுத்தும் கேட்டார். செய்தது நான்தான் என்று எழுதித் தந்தால் குவெஸ்தூராவுக்குப் போகமாட்டாராம். தராவிட்டால் முறைப்பாடாம். சாந்தரூபனின் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்து ஆறு மாதமாக அதே குவெஸ்தூராவில்தான் கிடக்கிறது.

"வைச்சால் பெர்மெஸ்ஸோ தப்பும் எண்டு எல்லாரும் சொல்லீனம் அக்கா," என்றாள் தர்மிளா. "அவரும் வைக்கப்போறன் எண்டு நிக்கிறார். ஆனால் செய்யாததை எழுதிக் குடுத்திட்டு அந்த மனிசன் பிறகு உளியைத் தொடாது. எனக்குத் தெரியும்."

"எல்லாரும் எண்டால் ஆர்?"

"சோதிலிங்கம் அண்ணைதான் முதல் சொன்னவர்."

அவளிடம் ஒரு படமும் இருந்தது. முதல் மரத்தை வைத்த அன்று சாந்தரூபன் கைத்தொலைபேசியில் எடுத்து மனைவிக்கு அனுப்பியது. புது மரம், ஈரத் துணி, பின்னால் தேசி என்கிற எலுமிச்சை மரம் ஒன்று, அதற்கும் பின்னால் மலை, மூலையில் அவனுடைய பெருவிரல். இது புது மரம் வந்ததைக் காட்டுகிறது, அது அங்கேயே இருந்ததைக் காட்டவில்லை என்று பெறாமகன் சிரித்தாராம். படித்த சிரிப்பு. அக்கா அந்தப் படத்தைத் தன் கைத்தொலைபேசிக்கு அனுப்பச் சொன்னார்.

வில்லாவின் கதவை எங்களுக்குத் திறந்துவிட்டதும் அதே சோதிலிங்கம்தான். அறுபத்தொரு வயது, நெற்றி நிறைய விபூதி, ஊர் மட்டக்களப்புப் பக்கத்துக் கல்லாறு. இங்கே மூன்று வில்லாக்களுக்குக் காவல். காலையில் வந்து தண்ணீர் விட்டு, மத்தியானத்தோடு போய்விடுவார். மற்ற நேரத்தில் மணவறைச் சோடனை. பலெர்மோவில் அவருடைய மணவறையில் ஏறாமல் ஒரு தமிழனும் தாலி கட்டியதில்லை. திசை, மூலை, நேரம் எல்லாம் அவர் வாய்தான்.

அவர் கையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். சாந்தரூபனை மன்னிக்கும்படி சிஞ்ஞோராவைக் கேட்டு நாற்பத்திரண்டு தமிழர் கையெழுத்து வைத்த கடிதம். முதல் வரி, 'எமது சகோதரன் சாந்தரூபன் அறியாமல் செய்த பிழையை' என்று தொடங்கியது. பக்கத்திலேயே இத்தாலிய மொழிபெயர்ப்பு. ஒரு பிரதி தரமுடியுமா என்று அக்கா பணிவாகக் கேட்டார். அக்கா பணிந்தால் யாருக்கோ கெட்ட காலம். அவர் பெருமையோடு ஒன்றைத் தந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். இப்போது பாதங்கள் அசைந்தன.

"ஏர்னஸ்ற், உள்ளுக்கை வா."

"அக்கா, நான் உங்களை விட அகலம்."

"மூச்சை விட்டிட்டு வா."

ஊர்ந்து போனேன். பழைய மரங்களில் கை வைத்தால் பிட்டு உதிர்வதுபோல் உதிர்ந்தது. கடைசி மரம் வரை போகவேண்டியிருந்தது. அதற்கு அப்பால் மதில், மதிலுக்கு அப்பால் கடல். அந்தக் கடைசி மரத்தில்தான் துணி கட்டியிருந்தது. அக்கா தன் தொலைபேசியில் நாலு படம் எடுத்துவிட்டு, முடிச்சை அவிழ்த்துத் துணியைத் தூக்கினார். அடியில் மரம் சாம்பல் நிறமாக, பக்கத்தைப் போலவே இருந்தது.

"மஞ்சள் எங்கை?"

"துணியில நிறைய இருக்கக்கா."

"மரத்தில எங்கை எண்டு கேக்கிறன். மஞ்சள் தண்ணியில தோய்ச்ச துணியை ஈரத்தோட கட்டினால் மரம் குடிக்கும். ஒருக்கால் குடிச்சால் பிறகு ஒண்டுக்கும் போகாது. என்னாலை போக்கேலாமல்தான் நான் மூண்டு சிஞ்ஞோராமாரை இழந்தனான். மூண்டும் வெள்ளை மாபிள்." மூன்று வேலை போன கோபம் அந்தக் குரலில் இன்னும் இருந்தது. "இந்தத் துணியை ஆரோ காய்ஞ்ச பிறகு கொண்டுவந்து கட்டியிருக்கினம்."

பெறாமகன்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். பெரியம்மா செத்தால் வில்லா அவருக்கு. இடுப்பு முறிந்தால் பாதி வில்லா. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இல்லை.

"முடிச்சைப் பார். வெட்டேல்லை, கிழிக்கேல்லை. பொறுமையா அவிட்டு, பிறகு அதே மாதிரி முடிஞ்சிருக்கு. உந்தச் சட்டத்தரணி அப்புக்காத்து இதைக் கண்டால் சப்பாத்துத் துடைப்பான். நீ கண்டால் என்ன செய்வாய்?"

"எறிஞ்சிருப்பன். எதுக்கும் ஒரு செபமாலை சொல்லிப்போட்டு."

"அதுதான். எறியப் பயந்த ஒரு ஆள் மரத்தை மாத்தியிருக்கு. எங்கட ஆள்."

"சாந்தரூபனும் எறியமாட்டான்தானே?"

அக்கா வேகமாக வெளியே ஊர்ந்தார். நான் கேட்டது சரியான கேள்வி என்பது அதில் தெரிந்தது. எழுந்து நின்றவர் மறுபக்கம், மலையடிவாரத்தில் நின்ற தேசிமரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குத் தேவையாக்கும் என்று நான் போய் இரண்டு காய் பிடுங்கி வந்தேன். அக்கா தன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஸ்பெராக்கவாலோவிலிருந்து, சோதிலிங்கத்தின் பட்டறை இருக்கும் பிரான்காச்சோவுக்குப் போவதென்றால் முழு நகரத்தையும் குறுக்கே வெட்ட வேண்டும். லாப்பாவின் முன்னிருக்கை ஒன்றரை ஆளுக்குச் செய்தது, நாங்கள் இரண்டரை ஆள். வழியில் அக்கா சோதிலிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். தங்கையின் மகள் சாரங்காவுக்குக் கலியாணம், மணவறை பார்க்க வேண்டும் என்றார். இரண்டு மணிக்குப் பட்டறையில் நிற்பேன், தாராளமாக வாருங்கள் என்று பதில் வந்தது. அக்காவுக்குத் தங்கையே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

சோதிலிங்கத்தைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. சாவி அவரிடம் இருந்தது, சிஞ்ஞோரா இல்லாத இரண்டு கிழமையும் இருந்தது, சரி. பழைய மரங்களை நகரசபை ஏற்றும்வரை கராஜுக்குப் பின்னால் அடுக்கி வைத்ததும் அவர்தான், அதுவும் சரி. ஆனால் ஊருக்கெல்லாம் அலைந்து அந்தப் பெடியனுக்காக நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கியவரும் அவர்தானே என்று கேட்டேன்.

"நாப்பத்திரண்டு வீடு ஏறினவர்," என்றார் அக்கா. "ஒரு வீட்டிலயாவது, உவன் செய்தவனோ எண்டு கேட்டவரோ? மன்னிப்பு முதல், குற்றம் பிறகு. அந்த நாப்பத்திரண்டு பேரும் அதைக் கேக்கேல்லை. பேனையைத்தான் கேட்டிருக்கினம்."

சோதிலிங்கத்தின் பட்டறை முன்னொரு காலத்தில் மாபிள் அறுத்த இடம். இப்போது அங்கே பிளாஸ்ரிக் யானை இரண்டும் தங்க முலாம் பூசிய தூண்கள் எட்டும் நின்றன. நடுவில் ஞாயிற்றுக்கிழமைக் கலியாணத்துக்கான மணவறை தயாராகிக்கொண்டிருந்தது. சிவப்புக் கம்பளம் விரித்து, நான்கு பக்கமும் பட்டுத் துணி தொங்கியது. மேடை கட்டுமஸ்தாக இருந்தது. முந்தின வருடம் ஒரு மாப்பிள்ளை இதே மணவறையில் ஏறியபோது அது முனகியது எனக்கு ஞாபகம். இன்று சோதிலிங்கம் தானே ஏறிக் குதித்துக் காட்டினார். ஒரு சத்தமும் இல்லை. பார்த்தீர்களா, இனி யானையையே ஏற்றலாம் என்றார்.

கலியாணம் எங்கே என்று கேட்டார். உங்கள் சிஞ்ஞோராவின் பக்கத்து வளவில், திறந்த வெளியில், அதே மதிலோரம் என்றார் அக்கா. மணவறை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தூரத்திலிருந்து வரும் ஐயருக்குக் காட்ட ஒரு படம் கீறித் தாருங்கள் என்று கேட்டார். அந்த மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கடதாசி எடுத்தார். கடலைக் கீறினார், மதிலைக் கீறினார், மணவறையைக் கடலைப் பார்க்க வைத்தார். ஓர் அம்புக்குறி போட்டு அழகான எழுத்தில் 'கிழக்கு' என்று எழுதினார். மேல் மூலையில் ஒரு வட்டம் போட்டு 'ஈசானம், கும்பம் இங்கே' என்றும் எழுதினார். கீழே தன் பெயரையும் திகதியையும் போட்டார். தொழில் சுத்தமான மனிதர்.

அந்த நேரத்தில் அக்காவின் செருப்பு என் காலை மிதித்தது. அது எனக்கான மணி. கைத்தொலைபேசியைத் தவறவிட்டதுபோல் விழுத்திவிட்டு, பட்டுத் துணியை விலக்கி மேடைக்குக் கீழே போனேன். ஒரே நாளில் இரண்டாவது தரம் மரத்துக்குக் கீழே படுக்கிறேன். என் மனைவி கேட்டால் எந்தப் பதிலும் எடுபடாது.

கீழே பன்னிரண்டு மரங்கள். புதுசு, கெட்டி, கஸ்தாஞ்ஞோ. வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன். ஏழாவது மரத்தின் அடிப்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் வளையம் இருந்தது. முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் சின்ன இடைவெளி. நான் கத்தவில்லை. "அக்கா, இஞ்சை ஒரு மரத்துக்கு மஞ்சள்காமாலை," என்று மட்டும் சொன்னேன்.

மணவறையில் மஞ்சள் இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று சோதிலிங்கம் சிரித்தார்.

"மேல இருந்தால் நானும் அப்பிடித்தான் நினைப்பன் சோதி அண்ணை," என்றார் அக்கா. "பொம்பிளை மாப்பிள்ளை கீழ படுத்தோ தாலி கட்டீனம்?"

கைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அதை வளையத்தின்மேல் சுற்றினேன். கறையும் துணியும் ஒன்றையொன்று மூடிக்கொண்டன. முடிச்சு சரியாக அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்தது. வெளியே வந்து பார்த்தபோது சோதிலிங்கத்தின் சிரிப்பு போயிருந்தது. நான் ஒரு பெருமூச்சு விட்டேன். மணி மூன்றரை, வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். அது என் வழக்கமான மடத்தனம்.

அவர் மெதுவாக ஒரு தங்கத் தூணில் சாய்ந்தார். கண்ணைத் துடைத்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"இதை நான் சாகுமட்டும் சொல்லக்கூடாது எண்டிருந்தனான் தங்கச்சி. ஓம், அந்த வளவு மரம்தான். சாந்தரூபன்தான் கொண்டுவந்து தந்தவன். மிச்ச மரம் எண்டு சொன்னான், நானும் நம்பி வாங்கி அடிச்சிட்டன். கிழவி விழுந்த பிறகுதான் விளங்கினது. பெடியன்ர மானம் போகக்கூடாது எண்டு வாய் திறக்கேல்லை. ஏன் கையெழுத்து வை எண்டு சொன்னனான்? ஏன் வீடு வீடா அலைஞ்சனான்? நீங்களே யோசியுங்கோ."

நான் யோசித்தேன். எல்லாம் பொருந்தியது. சாந்தரூபன் இரவல் சாவியோடு வந்திருக்கலாம். தன் துணியை எறிய மனமில்லாமல் தானே கழற்றிப் பழைய மரத்தில் கட்டியிருக்கலாம். தர்மிளாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அவளுக்கு உதவ வந்து, அவள் புருசனைக் கள்ளன் என்று நாங்களே நிரூபித்துக் கொடுத்துவிட்டோமா? இந்த மஞ்சள் வளையத்தைப் பெறாமகன் கண்டால் கையெழுத்தோடு விடமாட்டார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அக்கா மட்டும் அந்தக் கடதாசியை மடிக்காமல் கையில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

"அப்ப துணியை மாத்திக் கட்டினதும் சாந்தரூபன்தான்?"

"வேறை ஆர் தங்கச்சி?"

"ஈசான மூலையிலதான் கட்டுவான், என்ன?"

"முதல் மரம் எண்டால் ஈசானம்தானே. வடகிழக்கு. சாஸ்திரம் தெரிஞ்ச தச்சன் அப்பிடித்தான் கட்டுவான்."

"ஓம். அவன் அப்பிடித்தான் கட்டினவன்." அக்கா தொலைபேசியில் தர்மிளா அனுப்பிய படத்தை எடுத்து நீட்டினார். "பின்னாலை தேசிமரம், மலை. இது முதல் நாள். அவன் தொலைபேசியில திசை பாத்துத்தான் கட்டினவன். மலைதான் அங்கை கிழக்கு. இது நான் இண்டைக்கு எடுத்த படம். பின்னாலை என்ன இருக்கு?"

"மதில்."

"மதிலுக்கு அங்காலை?"

அக்கா அவர் கீறித் தந்த கடதாசியை மேடையில், சிவப்புக் கம்பளத்தின்மேல் வைத்தார். கடல், மதில், அம்புக்குறி, 'கிழக்கு'.

"அந்தக் கடலுக்குள்ளை சூரியன் உதிக்கிறேல்லை சோதி அண்ணை, விழுகிறது. உங்கட சிஞ்ஞோரா முப்பது வருசமா அதைப் பாக்கத்தான் அந்தத் தளத்தில குந்தியிருந்தவ. நீங்கள் மத்தியானத்தோட போறனியள், காணேல்லை. கல்லாறில கடல் கிழக்கு. இஞ்சை நகரத்துக்குள்ளையும் கடல் கிழக்கு. அதாலை இவ்வளவு காலமும் உங்கட சாஸ்திரம் தப்பினது. ஸ்பெராக்கவாலோவில மேற்கு."

எனக்கு அப்போதுதான் தேசிமரம் விளங்கியது. பையில் இருந்த இரண்டு காயும் கனத்தன.

அக்கா நிறுத்தவில்லை. மரங்களை எல்லாம் கழற்றும்போது துணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறீர்கள் என்றார். பன்னிரண்டு பழைய மரத்தையும் போட்ட பிறகு எதில் இருந்தது என்று ஞாபகமில்லை. ஆகவே சாஸ்திரப்படி ஈசான மூலை பார்த்துக் கட்டியிருக்கிறீர்கள். கடலைக் கிழக்கு என்று வைத்துப் பார்த்தால் அந்தக் கடைசி மரம்தான் ஈசானம். சரியான திசை தெரிந்தவனுக்கு அது நேர் எதிர் மூலை.

"தன்ர கையாலை கட்டின மூலையை மறந்து, நேர் எதிரில போய்க் கட்ட அவனுக்கு என்ன விசரோ? அந்தப் பிழையை விட உங்களுக்கு மட்டும்தான் ஏலும். இந்தக் கடதாசியிலயும் விட்டிருக்கிறியள். பேர் வேறை போட்டிருக்கிறியள்."

பிறகு சோதிலிங்கம் மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். நல்ல மரம், முனகவில்லை.

கண்ணுக்குத் தெரியாத மரம்தானே என்று நினைத்ததாகச் சொன்னார். கிழவி வருடத்துக்கு நாலு மாதம்தான் அங்கே இருக்கிறாள். பழைய மரம் இன்னும் இரண்டு வருடம் தாங்கும், அதற்குள் அவளே போய்விடுவாள் என்று நினைத்தாராம். தன் மேடை ஒரு கலியாணத்தில் முனகியதிலிருந்து நித்திரையில்லையாம். மாப்பிள்ளை பொம்பிளை விழுந்தால் அபசகுனமாம்.

"துணியை ஏன் எறியேல்லை?" என்று நான் கேட்டேன். உண்மையாகவே அறிய ஆசை.

"எறிஞ்சால் குற்றம் தம்பி. குடும்பத்துக்குக் கூடாது."

அக்காவின் முகம் மாறியது. இத்தனை வருடத்தில் அவருக்குக் கோபம் வந்து பார்த்திருக்கிறேன், அருவருப்பு வந்து பார்த்தது அன்றுதான். 'அண்ணை' போய்விட்டது.

"ஒரு முழத் துணிக்குப் பயந்தனீர். அந்தப் பலகையில ஏறப்போற மனிசருக்குப் பயப்பிடேல்லை. கிழவி விழுந்து கிடக்கேக்கையும், அவன்ர துணி நல்லாத்தான் உதவுது எண்டு பேசாமல் நிண்டனீர். உமக்கு நெத்தி நிறைய விபூதி என்னத்துக்கு? இப்ப தொலைபேசியை எடும்."

அவர் எடுத்தார். முதலில் தர்மிளாவுக்கு. கையெழுத்து வைக்க வேண்டாம், மரத்தை எடுத்தது நான் என்று அவர் சொல்ல, மறுபக்கம் தொலைபேசி கை மாறியது. பிறகு ஓர் ஆணின் குரல், சாந்தரூபன். என்ன மரமென்று அவன் கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. "பன்னிரண்டும் இருக்கோ அண்ணை? வெட்டேல்லையே?" என்று மட்டும் கேட்டான். வெட்டவில்லை என்றதும் அவன் அழுத சத்தம் தொலைபேசிக்கு வெளியேயும் கேட்டது.

அடுத்தது பெறாமகனுக்கு. மணி நாலரை. ஐந்து மணிக்கு அதே மேசைக்கு வேறொருவர் வருகிறார் என்று சொல்லவைத்தார் அக்கா. நான் லாப்பாவின் பின்கதவைத் திறந்து, மணவறையின் கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கினேன். மஞ்சள் வளையமிட்ட அந்த ஒரு மரத்தை முதலில் ஏற்றினேன். மற்றவை பிறகு.

சோதிலிங்கம் எழுந்து அக்காவின் பின்னால் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கலியாணம் மட்டும் முடியட்டும் என்றார். அதுவரை சனத்துக்குத் தெரியவேண்டாம் என்றார். இவ்வளவு காலம் இந்தச் சனத்துக்குச் செய்திருக்கிறேன், எனக்காக நாலு பேரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டீர்களா என்று கேட்டார். எனக்குக்கூட ஒரு கணம் மனம் இளகியது.

அக்கா கைப்பையைத் திறந்தார். காலையில் பணிவாகக் கேட்டு வாங்கிய அந்த நாற்பத்திரண்டு கையெழுத்துக் கடிதத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"உமக்கு மன்னிப்புக் கேட்டு எல்லாரும் ஏற்கனவே ஒப்பம் வைச்சிட்டினம். திரும்ப அலையத் தேவையில்லை. பேரை மட்டும் மாத்தும்."

அவர் கடிதத்தைப் பார்த்தார். முதல் வரியில் அவருடைய விரல் நின்றது.

"அதோட அந்த 'அறியாமல்' எண்ட சொல்லை வெட்டும்," என்றார் அக்கா. பிறகு வந்து லாப்பாவில் ஏறி, தேசிக்காயை இருக்கையிலிருந்து தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.